தொடாமல் அளக்கும் வோல்ட்மீட்டர்

காட்டுப்பள்ளிப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்கூடத்தில் மோட்டார் ஒன்று ஓட மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலெக்ட்ரீஷியன் வருகிறார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறக்கிறார். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஓரிடத்தில் வைக்கிறார். சிவப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்க்கிறார். "இதுவரைக்கும் வோல்டேஜ் வருது, இதுக்கு அப்புறம் வரலை" என்கிறார். பழுது எங்கே என்பது தெரிந்துவிட்டது. மீதி வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

பழுது பார்க்கும் கலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது எனலாம். எதுவரைக்கும் வருகிறது, எதற்கு அப்புறம் வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

இனி, அதே பெட்டிக்குள் இருக்கும் பச்சைநிறப் பலகையைப் பாருங்கள். அதில் கறுப்பு நிறத்தில், பூரானைப் போலப் பல கால்களுடன் ஒட்டிக்கொண்டிருப்பது ஒருங்கிணைந்த சுற்று. ஐ.சி. என்றும் சில்லு என்றும் சொல்கிறோம். விரல் நகத்தை விடச் சிறிய அந்த சிலிக்கன் துண்டுக்குள் ஆயிரக்கணக்கில் தொடங்கிக் கோடிக்கணக்கு வரை டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் உலோகக் கோடுகளும் அதே அளவில் உள்ளன. சில்லை வடிவமைத்த பொறியாளருக்கு அது சரியாக வேலை செய்யவில்லை என்றால் எழும் கேள்வியும் அந்த எலெக்ட்ரீஷியனின் கேள்விதான். எதுவரைக்கும் வருகிறது, எதற்கு அப்புறம் வரவில்லை? ஆனால் மீட்டரின் முனையை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்கு இயற்பியலாளர்கள் கண்ட விடையைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

தொட்டால் கெடும்

முனை பெரியது, கோடு சிறியது என்பது மட்டுமே சிக்கல் அன்று. ஊசியைக் கூர்மையாக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளைக் கெடுத்துவிடும் என்பதுதான் உண்மையான சிக்கல். ஒரு சிறு கணக்கு இதை விளக்கும்.

சில்லுக்குள் உள்ள ஒரு குறுகிய கோட்டின் மின்தேக்குதிறன் 50 ஃபெம்டோஃபாரடு எனக் கொள்வோம். ஃபெம்டோ என்பது பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. இந்தக் கோடு 5 வோல்ட்டில் இருக்கும்போது அதில் உள்ள மின்னூட்டம், தேக்குதிறனையும் மின்னழுத்தத்தையும் பெருக்கினால் கிடைக்கும். அதை ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 15 லட்சம் எலெக்ட்ரான்கள் என்று விடை வரும். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டு விளக்கின் கம்பியில் ஒரு நொடியில் கோடி கோடி மடங்குகளாக எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் அலைவுகாட்டியுடன் நாம் பயன்படுத்தும் சாதாரணப் புரோபின் மின்தேக்குதிறன் சுமார் 10 பிக்கோஃபாரடு. இது நம் கோட்டின் தேக்குதிறனைப்போல் 200 மடங்கு. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில் எவ்வளவு பால் இருக்கிறது என்று அறிய, அதைக் குடத்தில் ஊற்றி, குடத்தில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பது போன்றது இது. தனித்து நிற்கும் ஒரு கோட்டை அந்தப் புரோபால் தொட்டால், அதன் மின்னூட்டம் இரண்டுக்கும் பங்காகி, 5 வோல்ட் வெறும் 25 மில்லிவோல்ட்டாகச் சரிந்துவிடும். அந்தக் கோட்டை ஓட்டும் டிரான்சிஸ்டர் மீண்டும் நிரப்ப முயலும். ஆனால் அதற்கு முன்னைவிட 200 மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் சுற்றின் ஓட்டமே தடம்மாறிவிடும். நாம் அளந்தது நோயை அன்று. நம் கை பட்டதால் வந்த வேறொரு நோயை.

ஆகவே, தொடாமல் அளக்க வேண்டும். அதற்குத் தூது போகக்கூடியது எலெக்ட்ரானே.

கேம்பிரிட்ஜில் ஒரு நிழல்

வருடும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எறும்பின் கண்ணையும் மகரந்தத் தூளையும் பிரம்மாண்டமாகக் காட்டும் படங்களை எடுப்பது அதுதான். காற்று நீக்கிய அறைக்குள் மெல்லிய எலெக்ட்ரான் கற்றை ஒன்று பொருளின் மேல் வரிவரியாக ஓடுகிறது. நாம் புத்தகம் படிக்கும்போது கண் ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றை விழும் இடத்திலிருந்து மெதுவான எலெக்ட்ரான்கள் சில வெளியே துள்ளுகின்றன. இவற்றுக்கு இரண்டாம்நிலை எலெக்ட்ரான்கள் என்று பெயர். ஓர் உணர்கருவி அவற்றைச் சேகரிக்கிறது. நிறைய வந்தால் திரையில் அந்தப் புள்ளி வெளிச்சமாகவும், குறைவாக வந்தால் இருட்டாகவும் தெரியும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஓட்லி 1948 இல் இத்தகைய நுண்ணோக்கியை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். அவரும் அவருடைய மாணவர் எவர்ஹார்ட்டும் 1957 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை நம் கதைக்கு முக்கியமானது. அவர்கள் பி-என் சந்தி ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து, அதற்கு மின்னழுத்தம் கொடுத்தார்கள். சந்தியின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் தெரிந்தது. பொருளின் உருவம் மாறவில்லை, மின்னழுத்தம்தான் மாறியது. ஆனால் படம் மாறிவிட்டது!

காரணம் எளியது. எலெக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது. நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் பரப்பு அதைப் போகவிடாமல் பின்னுக்கு இழுக்கிறது. எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும் பரப்பு அதைத் தள்ளிவிடுகிறது. எனவே 5 வோல்ட்டில் உள்ள கோடு இருட்டாகவும், சுழி வோல்ட்டில் உள்ள கோடு வெளிச்சமாகவும் தெரிகின்றன. இதை மின்னழுத்த வேறுபாட்டுத் தோற்றம் எனலாம். மூடியை நீக்கிய ஒரு சில்லை நுண்ணோக்கிக்குள் வைத்து இயக்கினால், எந்தக் கோட்டில் மின்னழுத்தம் உள்ளது, எதில் இல்லை என்பது படமாகவே தெரியும். கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தால், அதற்கு முன் ஒரு நிறமும் அதற்குப் பின் வேறு நிறமுமாகத் தெரியும். நம் எலெக்ட்ரீஷியனின் வாக்கியம் படமாக வரையப்பட்டதைப் போல!

வெளிச்சம் எண் ஆகாது

இத்துடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. இருக்கிறதா, இல்லையா என்பது தெரிந்தால் போதாது. எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 3 வோல்ட் வந்தால் சில்லு சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. இதுதான் பழுதுகளிலேயே மோசமான பழுது.

வெளிச்சத்தைக் கொண்டு மின்னழுத்தத்தைக் கணக்கிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வெளிச்சம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. முதல் ஓரிரு வோல்ட்டுக்குள் படம் வெகுவாக இருண்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

இரண்டாவது, வெளிச்சம் மின்னழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அலுமினியம் ஒரு விதமாகவும் சிலிக்கன் ஆக்சைடு வேறு விதமாகவும் எலெக்ட்ரான்களை உமிழும். கோட்டின் விளிம்புகள் எப்போதும் நடுப்பகுதியைவிடப் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது காரணம் மிகவும் தொல்லை தருவது. அடுத்த வீட்டின் தாக்கம் என்று அதைச் சொல்லலாம். நாம் பார்க்கும் கோட்டின் மின்னழுத்தம் மாறாவிட்டாலும், பக்கத்துக் கோட்டின் மின்னழுத்தம் மாறினால் நம் கோட்டின் வெளிச்சம் மாறிவிடும். பக்கத்துக் கோட்டின் மின்புலம் நடுவழியில் எலெக்ட்ரான்களைத் திருப்பிவிடுகிறது.

ஆகவே, எத்தனை எலெக்ட்ரான்கள் வந்தன என்று எண்ணுவது போதாது. வந்தவை எவ்வளவு ஆற்றலுடன் வந்தன என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கும் கருவிதான் எலெக்ட்ரான் ஸ்பெக்ட்ரோமீட்டர். கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கின் ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தி அலைநீளங்களைப் பிரித்தறியும் ஸ்பெக்ட்ரோமீட்டரை நீங்கள் அறிவீர்கள். இது எலெக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகப் பிரித்தறிவது; அவ்வளவுதான் வேறுபாடு.

அலைத்தடுப்புச் சுவரும் கடல் மட்டமும்

இதன் தத்துவத்தை அறியக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குப் போவோம். கற்பனையாக, அந்தச் சுவரை நம் விருப்பப்படி உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

கடலலைகள் எல்லாம் ஒரே உயரம் உடையவை அல்ல. சில சிறியவை, பெரும்பாலானவை நடுத்தரமானவை, சில பெரியவை. சுவரைவிட உயர்ந்த அலைகள் மட்டும் மறுபக்கம் வழிகின்றன. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் வழிகிறது என்று அளக்கிறோம். இப்போது ஓதம் இறங்கிக் கடல் மட்டமே அரை மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. எல்லா அலைகளின் முகடுகளும் அரை மீட்டர் தாழும். வழியும் நீர் குறையும். முன்போலவே நீர் வழியவேண்டுமானால் என்ன செய்யலாம்? சுவரையும் அரை மீட்டர் தாழ்த்தலாம். வழியும் நீரின் அளவு மாறாதபடி சுவரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால், சுவர் எவ்வளவு நகர்ந்தது என்பதே கடல் மட்டம் எவ்வளவு மாறியது என்பதைச் சொல்லிவிடும். ஒவ்வோர் அலையின் உயரத்தையும் நாம் அறிய வேண்டியதில்லை.

இதை அப்படியே சில்லுக்கு மாற்றிப் பாருங்கள். அலைகள் இரண்டாம்நிலை எலெக்ட்ரான்கள். அவற்றின் ஆற்றலும் ஒரே அளவினதன்று. பெரும்பாலானவை சில எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் புறப்படுகின்றன. 50 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்டவற்றை இரண்டாம்நிலை என்று கணக்கில் கொள்வதில்லை. கடல் மட்டம் என்பது கோட்டின் மின்னழுத்தம். அது 1 வோல்ட் நேர்த்திசையில் கூடினால், எல்லா எலெக்ட்ரான்களின் ஆற்றலும் ஒருசேர 1 எலெக்ட்ரான்வோல்ட் குறையும். ஆற்றல் பங்கீட்டு வரைபடத்தின் வடிவம் மாறாது. முழு வரைபடமும் இடம்பெயரும்.

சுவர் என்பது மெல்லிய கம்பிவலை ஒன்று. அதற்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், போதிய ஆற்றல் இல்லாத எலெக்ட்ரான்கள் திரும்பிவிடும். மற்றவை வலையைக் கடந்து உணர்கருவியை அடையும். இதை எதிர்ப்புப்புல ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று சொல்லலாம். கோடு சுழி வோல்ட்டில் இருக்கும்போது வலைக்கு கழித்தல் 5 வோல்ட் கொடுத்திருந்தோம் என்றால், 5 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்டவை மட்டும் கடக்கும். கோடு 5 வோல்ட்டுக்கு ஏறியதும் கடப்பவை குறைகின்றன. ஒரு மின்னணுச் சுற்று இந்தக் குறைவை உடனே உணர்ந்து, பழைய அளவு வரும்வரை வலையின் மின்னழுத்தத்தை மாற்றுகிறது. வலை சுழி வோல்ட்டுக்கு வந்ததும் பழைய நிலை திரும்புகிறது. வலை நகர்ந்தது 5 வோல்ட். எனவே கோடு நகர்ந்ததும் 5 வோல்ட்தான். வலையின் மின்னழுத்தத்தைச் சாதாரண மீட்டரில் படித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு, நேர்விகிதம் இல்லாத ஒன்றை நேர்விகிதமாக்கும் வழியை 1971 இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் என்னும் ஊரில் கோபிநாத், சாங்கர் ஆகியோர் விளக்கினர். அதற்கு முன்பே, 1968 இல், வெல்ஸ், பிரெமர் ஆகியோர் நுண்ணோக்கியில் மின்னழுத்தம் அளப்பது பற்றி எழுதியிருந்தனர். 1979 இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபாயர்பாம் விவரித்த ஸ்பெக்ட்ரோமீட்டர், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு இக்கருவியைக் கொண்டுவந்த முக்கியமான படி.

இந்த முறையின் மற்றொரு நன்மையைக் கவனியுங்கள். கடலலைகள் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கினாலும், நீண்ட நேரம் சராசரி எடுத்தால் கடல் மட்டத்தைச் சென்டிமீட்டர் அளவில் சொல்லிவிடலாம். அதுபோலவே, எலெக்ட்ரான்களின் ஆற்றல் பல எலெக்ட்ரான்வோல்ட் பரவியிருந்தாலும், போதிய அளவு சராசரி எடுத்தால் மின்னழுத்தத்தைச் சில மில்லிவோல்ட் நுட்பத்துடன் சொல்ல முடியும்.

ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று

தத்துவம் எளிது. ஆனால் கருவியை வடிவமைக்க உட்கார்ந்தால் ஒன்றோடொன்று மோதும் தேவைகள் எழுகின்றன.

முதலில் திசை. எலெக்ட்ரான்கள் எல்லாம் நேராக மேல்நோக்கிக் கிளம்புவதில்லை. எல்லாத் திசைகளிலும் சிதறுகின்றன. தட்டையான வலை, தன்னை நோக்கி நேராக வரும் வேகத்தை மட்டுமே அறியும். 5 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் 60 பாகை சாய்வாகக் கிளம்பிய எலெக்ட்ரானுக்கு நேர்த்திசையில் உள்ள பங்கு 1.25 எலெக்ட்ரான்வோல்ட்தான். வலை இதைச் சோம்பேறி என்று கருதித் திருப்பி அனுப்பிவிடும். வலையை அரைக்கோள வடிவில், கவிழ்த்த கிண்ணம்போல் செய்து, கற்றை விழும் இடத்தை அதன் மையத்தில் வைத்தால் இந்தக் குறை தீரும். எந்தத் திசையில் கிளம்பினாலும் எலெக்ட்ரான் வலையை நேராகவே சந்திக்கும்.

ஆனால் கிண்ணத்துக்கு இடம் வேண்டும். சில்லுக்கும் நுண்ணோக்கியின் கடைசி லென்சுக்கும் இடையில் அதை வைத்தால், லென்ஸ் விலகிப்போகும். லென்ஸ் விலகினால் கற்றையின் முனை தடித்துப்போகும். தடித்த முனை பக்கத்துக் கோட்டின் மேலும் விழும். அப்புறம் எந்தக் கோட்டை அளக்கிறோம் என்பதே தெரியாது.

கற்றையின் ஆற்றலைக் கூட்டி முனையை மெலிதாக்கலாமே என்றால், அதுவும் கூடாது. 20,000 எலெக்ட்ரான்வோல்ட் கற்றை சிலிக்கனுக்குள் பல மைக்ரான் ஆழம் புகுந்து டிரான்சிஸ்டர்களின் மெல்லிய ஆக்சைடு அடுக்கைக் கெடுத்துவிடும். எனவே 1,000 எலெக்ட்ரான்வோல்ட் அளவிலேயே வேலை செய்கிறார்கள். அந்த ஆற்றலில் கற்றை சில பத்து நானோமீட்டர் ஆழமே புகும். மேலும், உள்ளே வரும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் வெளியேறும் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், சில்லின்மேல் மின்னூட்டம் சேராது. மின்கடத்தாப் பகுதிகள் உள்ள சில்லுக்கு இது மிகவும் தேவை.

அடுத்து, பக்கத்துக் கோட்டின் தொல்லை. இதற்கு மருந்து, எலெக்ட்ரான்கள் கிளம்பியவுடனேயே அவற்றை வலுவாக மேலே இழுத்துவிடுவது. இதற்காக எதிர்ப்பு வலைக்குக் கீழே, சில்லுக்கு அருகில் மற்றொரு வலையை வைத்து, அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். இது இழுப்பு வலை. வேகமாக இழுத்தால் ஆற்றல் மாறிவிடாதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். மாறும், ஆனால் எதிர்ப்பு வலையை அடையும்போது அது மீண்டும் கழிந்துவிடும். நடுவில் எத்தனை பள்ளம் இறங்கி ஏறினாலும், புறப்பட்ட மட்டத்துக்கும் சேர்ந்த மட்டத்துக்கும் உள்ள வேறுபாடே கணக்கு. ஆற்றல் அழியாமை விதி இங்கே நமக்குத் துணை நிற்கிறது.

எனினும் இழுப்பு வலையும் முழு மருந்தன்று. 1 மில்லிமீட்டர் உயரத்தில் 1,000 வோல்ட் கொடுத்தால், மின்புலம் மைக்ரானுக்கு 1 வோல்ட் ஆகிறது. ஆனால் 1 மைக்ரான் தள்ளி 5 வோல்ட் வேறுபாட்டில் ஒரு கோடு இருந்தால் அதன் மின்புலம் மைக்ரானுக்கு 5 வோல்ட்! மேலே இருந்து இழுப்பவனைவிடப் பக்கத்தில் இருந்து இழுப்பவன் வலுவானவன். சில்லுகளின் கோடுகள் நெருங்க நெருங்க இந்தப் போட்டியில் ஸ்பெக்ட்ரோமீட்டர் பின்தங்கிக்கொண்டே வந்தது.

இதற்கு ஒரு வழி காந்தப்புலம். 1986 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கார்த், நிக்சன், ஸ்பைசர் ஆகியோர் காந்தப்புலத்தால் இரண்டாம்நிலை எலெக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கும் முறையை வெளியிட்டனர். சில்லையே வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்தால், எலெக்ட்ரான்கள் புலக்கோடுகளைச் சுற்றித் திருகுச் சுருளாக மேலேறுகின்றன. மேலே போகப் போகப் புலம் மெதுவாக வலுவிழந்தால், சுற்றும் வேகம் குறைந்து நேர்வேகம் கூடுகிறது. சாய்வாகக் கிளம்பியவையும் கடைசியில் ஏறத்தாழ இணையாக மேலேறுகின்றன. அங்கே தட்டையான வலையே போதும், கிண்ணம் வேண்டியதில்லை. லென்சுக்கு மேலேயே வலையை வைக்கலாம் என்பதால், சில்லு லென்சுக்கு மிக அருகில் வரலாம். ஒரே காந்தப்புலம் கற்றையைக் குவிக்கவும் எலெக்ட்ரான்களைச் சீராக்கவும் உதவுகிறது!

ஆறே எலெக்ட்ரான்கள்

இதுவரை, மின்னழுத்தம் மாறாமல் நிற்கிறது என்றே பேசினோம். ஆனால் ஓடும் சில்லில் மின்னழுத்தம் நொடிக்குப் பல லட்சம் முறை ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தை எப்படிப் பிடிப்பது?

ஓடும் மின்விசிறியின் மேல் விட்டுவிட்டு மின்னும் ஒளியைப் பாய்ச்சினால், இறக்கைகள் நின்றுவிட்டதுபோல் தோன்றும். மின்னலின் இடைவெளியும் சுழற்சியின் இடைவெளியும் ஒத்துப்போவதே காரணம். 1968 இல் கேம்பிரிட்ஜில் பிளவ்ஸ், நிக்சன் ஆகியோர் இதே தந்திரத்தை எலெக்ட்ரான் கற்றையில் கையாண்டனர். சில்லை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே கணத்தில் கற்றையை ஒரு நொடிப்பொழுது திறந்து மூடினார்கள். அந்தக் கணத்தின் மின்னழுத்தம் மட்டும் உறைந்து தெரிந்தது. திறக்கும் கணத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் முழு அலைவடிவமும் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு கணக்கு. கற்றையின் மின்னோட்டம் 1 நானோஆம்பியர். திறந்திருக்கும் நேரம் 1 நானோநொடி. அதற்குள் எத்தனை எலெக்ட்ரான்கள் வந்து விழும்? போட்டுப் பாருங்கள்: ஆறு! பதினைந்து லட்சம் எலெக்ட்ரான்கள் உள்ள கோட்டின் மேல் ஆறு எலெக்ட்ரான்கள். வந்த அளவே ஏறத்தாழ வெளியேறியும் விடுகின்றன. தொடாமல் அளப்பது என்றால் இதுதான். குடத்தில் ஊற்றிப் பார்த்த பழைய கதையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆறு எலெக்ட்ரான்களைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த முறை நான்கு வரலாம், அதற்கடுத்து எட்டு வரலாம். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நூற்றில் ஒரு பங்கு துல்லியத்துக்குப் பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பத்து லட்சம் வேண்டும். அதாவது ஏறத்தாழ 1,60,000 திறப்புகள். சில்லு ஒரு மைக்ரோநொடிக்கு ஒரு சுற்று ஓடினால், இது ஆறில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடும். வலையில் திரும்பிப்போகும் எலெக்ட்ரான்களையும் கணக்கில் சேர்த்தால் சற்றுக் கூடுதலாகும். துல்லியத்தைப் பத்து மடங்காக்க நூறு மடங்கு பொறுமை வேண்டும் என்பது இதன் பாடம். மற்றொன்றும் தெளிவாகும். திரும்பத் திரும்ப நடப்பதை மட்டுமே இம்முறை அளக்கும். எப்போதோ ஒருமுறை தலைகாட்டி மறையும் பழுது இதில் அகப்படாது.

பந்தய ஓட்டம்

சுவர் கட்டித் தடுப்பதில் ஒரு வீண் செலவு இருக்கிறது. திரும்பிப்போன எலெக்ட்ரான்கள் கொண்டுவந்த செய்தி வீணாகிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டின்னிஸ், அஞ்சம் குர்ஷீத் ஆகியோர் இதற்கு வேறொரு வழியை ஆராய்ந்தனர். கற்றைதான் ஏற்கெனவே துடிப்புகளாக வருகிறதே. அப்படியானால் எலெக்ட்ரான்களை ஒரு குறிப்பிட்ட தூரம் ஓடவிட்டு, எப்போது வந்து சேர்கின்றன என்று பார்த்தால் என்ன?

5 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உடைய எலெக்ட்ரான் 10 சென்டிமீட்டரைக் கடக்க 75 நானோநொடி ஆகும். 10 எலெக்ட்ரான்வோல்ட் உடையதற்கு 53 நானோநொடி போதும். யாரையும் தடுக்க வேண்டியதில்லை. எல்லாரையும் ஓடவிட்டு வந்துசேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால், ஆற்றல் பங்கீடு முழுவதும் ஒரே தடவையில் கிடைத்துவிடும்.

குர்ஷீத் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைத் தொடர்ந்தார். நுண்ணோக்கியின் லென்சுகளையும் ஸ்பெக்ட்ரோமீட்டர்களையும் சேர்த்து வடிவமைப்பது பற்றி அவர் எழுதிய நூல் 2011 இல் வெளிவந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரை நுண்ணோக்கியில் பிறகு ஒட்டவைக்கும் உறுப்பாக எண்ணாமல், தொடக்கத்திலேயே இரண்டையும் ஒன்றாக எண்ணி வடிவமைக்க வேண்டும் என்பது இத்துறை கற்ற அனுபவம். கிண்ணத்துக்கும் லென்சுக்கும் நடந்த இடச்சண்டையை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

இன்றைய நிலை

1980களிலும் 1990களிலும் நுண்செயலிகளை வடிவமைத்தவர்களுக்கு இக்கருவி பெருந்துணையாக இருந்தது. பிறகு சில்லுகள் மாறின. உலோக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகி, கீழடுக்குகளை மறைத்தன. சில்லைக் குப்புறக் கவிழ்த்துப் பலகையில் பொருத்தும் வழக்கமும் வந்தது. எலெக்ட்ரான் கற்றைக்குக் காண்பதற்குச் சிலிக்கனின் முதுகுதான் கிடைத்தது. சிலிக்கன் வழியாக ஊடுருவும் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு முதுகுப்புறமிருந்தே அளக்கும் முறைகள் அந்த இடத்தைப் பிடித்தன.

ஆயினும் 1957 இல் கேம்பிரிட்ஜில் கண்ட அந்த நிழல் மறையவில்லை. இன்று சில்லுத் தொழிற்சாலைகளில், பாதி உருவான நிலையிலேயே சிலிக்கன் வட்டுகளை எலெக்ட்ரான் கற்றையால் சோதிக்கிறார்கள். அடியில் இணைப்பு விட்டுப்போன ஒரு தொடுமுனை, மின்னூட்டம் வெளியேற வழியில்லாமல், தன் அண்டை முனைகளிலிருந்து வேறுபட்ட வெளிச்சத்தில் தனித்துத் தெரிகிறது. ஆழத்தில் புதைந்த அறுபட்ட இணைப்பை மேற்பரப்பின் நிறமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2018 இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட 'சக்தி' நுண்செயலி, பஞ்சாபின் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் முறையில் சில்லாக உருவாயிற்று. வடிவமைப்பதும் உருவாக்குவதும் நம்மால் இயலும் என்பதற்கு இது சான்று. ஆனால் எந்தச் சில்லும் முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிடும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. வந்த சில்லு வாய் திறக்காமல் நின்றால், பிழை வரைபடத்திலா, உருவாக்கத்திலா, எந்தக் கோட்டில், எந்தக் கணத்தில் என்று கேட்டு விடை வாங்கத் தெரிய வேண்டும். செய்யத் தெரிந்தவனுக்குப் பாதித் தொழில்தான் தெரியும். பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கே முழுத் தொழிலும் தெரியும். பட்டறையில் இருக்கும் எந்த மூத்த தொழிலாளியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இக்கட்டுரையில் வந்த எதுவும் உங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே இல்லை. மின்தேக்குதிறன், ஆற்றல் அழியாமை, காந்தப்புலத்தில் எலெக்ட்ரானின் பாதை, வர்க்கமூலம் — இவ்வளவுதான். இவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், ஆறு எலெக்ட்ரான்களைத் தூது அனுப்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் நாடியைப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த முறை கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் மல்டிமீட்டருடன் நிற்கும் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தால் சற்று நின்று கவனியுங்கள். கறுப்பு முனை, சிவப்பு முனை, ஒரு கேள்வி. கேம்பிரிட்ஜிலும் சிங்கப்பூரிலும் கேட்கப்பட்டதும் அதே கேள்விதான்.